நடைவழி விண்ட்ஷீல்டு பொருந்தவில்லையா? தாழ்ப்பாளில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

உல்லாசப் படகின் விண்ட்ஷீல்டு நடுவில் கதவைப்போலத் திறந்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து அணியத்துக்கு, அதாவது படகின் முன்பகுதிக்கு, நடந்துபோக வழிவிடுமானால் அதை நடைவழி விண்ட்ஷீல்டு என்கிறோம். இடப்புறமும் வலப்புறமும் நிலையான இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் நிற்க, ஒன்றில் கீலும் மற்றொன்றில் தாழ்ப்பாளும் பொருத்தி நடுவில் ஒரு சிறு கண்ணாடிக் கதவு தொங்கும். சில பருவங்கள் ஓடிய படகுகளில் இந்தக் கதவு ஒருநாள் தாழ்ப்பாளோடு சேராது, அழுத்திச் சாத்தினால் உராயும், ஓட்டும்போது கடகடக்கும்.

எனக்கும் அதுதான் நேர்ந்தது. தாழ்ப்பாள் தேய்ந்துவிட்டது என்று எண்ணி, அது விழும் கொண்டியை அரத்தால் அராவினேன். டிரெய்லரில் படகு நின்றபோது கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. தண்ணீரில் இறக்கியதும் தாழ்ப்பாள் மறுபடியும் எட்டவில்லை. பணிமனை ஒன்றில் காட்டியபோது புதிய தாழ்ப்பாளை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வாரம் தாங்கியது. கோணியது கதவு அன்று, கதவு நிற்கும் நிலைச்சட்டம் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பருவம் முழுவதும் பிடித்தது. நீங்கள் அதை ஒரு வார இறுதியில் முடிக்கலாம். கீழே உள்ள வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. எண்களையும் தாள்களையும் முதலில் திரட்டுங்கள்

படகின் பின்சுவரில் வலப்பக்க மேல்பகுதியில் உடல் அடையாள எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. நாட்டுக் குறியீடு சேர்ந்தால் 14 ஆகும். அதைப் பார்த்து எழுதுவதோடு நிற்காமல் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆண்டின் பாகம் வந்து சேரும்.

படகைக் கட்டியவரும் விண்ட்ஷீல்டைச் செய்தவரும் பெரும்பாலும் ஒருவரல்லர். ஆகவே சட்டத்தின் உள்விளிம்பிலோ கண்ணாடியின் மூலையிலோ ஒட்டியிருக்கும் அல்லது பொறித்திருக்கும் செய்தவர் பெயரையும் பாக எண்ணையும் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால் கீல், ரப்பர் பட்டை, தாழ்ப்பாள் ஆகியவற்றைப் படகு விற்பனையாளரைச் சாராமலே வாங்க முடியும்.

உத்தரவாதத் தாளையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் திருகைத் தொடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள். படிப்படியான தேய்மானத்தைக் காப்பீடுகள் பொதுவாக ஏற்பதில்லை; மோதலாலோ புயலாலோ வந்த கோணல் வேறு கணக்கில் சேரும். அப்படி ஏதேனும் நடந்திருந்தால் நீங்கள் கழற்றிய பின் எடுத்த படம் பயன்படாது, கழற்றுவதற்கு முன் எடுத்ததே பயன்படும்.

2. கோணல் எந்த வகை என்று கண்டறியுங்கள்

முதலில் துணிக்கூரையையும் மூடுதுணிகளையும் கழற்றிவிடுங்கள். பழைய துணி சுருங்கியிருக்கும், குளிரில் இன்னும் விறைக்கும். பொத்தான்களை மாட்டிய நிலையில் அது சட்டத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்க, நீங்கள் சட்டத்தின் அளவு என்று எண்ணித் துணியின் இழுப்பை அளந்துகொண்டிருப்பீர்கள்.

பிறகு கதவை மெதுவாகச் சாத்தி, தாழிடாமல், நான்கு பக்க இடைவெளியையும் பாருங்கள்.

கீல் பக்கத்து இடைவெளி மேலே அகன்றும், தாழ்ப்பாள் பக்கத்து இடைவெளி மேலே ஒடுங்கியும் இருந்து, கதவின் கீழ்மூலை உராய்ந்தால் கதவுதான் தொங்குகிறது, மேல்கீல் தளர்ந்திருக்கிறது. இந்த ஒரு வகையில் மட்டுமே கோளாறு கதவைச் சார்ந்தது.

தாழ்ப்பாள் பக்க இடைவெளி மேலே அகன்று கீழே ஒழுங்காக இருந்தால், அந்தப் பக்கத்துச் சட்டம் வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கிறது. இரு சட்டங்களின் மேல்விளிம்புகளும் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்று தாழ்ந்திருந்தால், அந்தப் பக்கத்தில் சட்டத்துக்குக் கீழே பெட்டிபோல் நிற்கும் மேடையோ அதன் அடியிலுள்ள தளமோ இறங்கியிருக்கிறது என்று பொருள். கதவின் மேல்பகுதி சட்டத்தைத் தொட்டுக் கீழ்ப்பகுதி தொடாமல் நின்றால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், இரு சட்டங்களின் பின்சாய்வும் வேறுபட்டுவிட்டது. என் படகில் இருந்தது இந்தக் கடைசி வகைதான். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தாங்குகால், அதாவது சட்டத்தின் மேல்பகுதியைப் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்தும் குறுக்குக் கம்பி.

கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டால் கீழ்ச்சட்டத்தின் மேற்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். அலுமினியத்தின் மேற்பூச்சு உராய்ந்து போன இடம், சுற்றிலும் மங்கிக் கிடக்க, மயிரிழை அகலத்தில் வெள்ளிபோல் மின்னும். உரசல் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கோடு அளவுகோலைவிடத் துல்லியமாகச் சொல்லும்.

3. டிரெய்லரில் ஒரு முறை, தண்ணீரில் ஒரு முறை அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டியதால்தான் நான் அரத்தை எடுத்தேன். கண்ணாடியிழைப் படகு இறுகிய பெட்டி அன்று. டிரெய்லரில் அது சில நீளக் கட்டைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் நின்றாலே உடல் சற்று முறுக்கிக்கொள்ளும். தண்ணீரில் அடிப்பாகம் முழுவதும் தாங்கப்படுவதோடு, எஞ்சினும் எரிபொருளும் பின்பக்கத்தை அழுத்துவது வேறு விதமாக இருக்கும். என் படகின் திறப்பில் மேல் அகலம் இந்த இரு நிலைகளுக்கிடையே 4 மி.மீ. வேறுபட்டது.

எழுத வேண்டிய அளவுகள் இவை: திறப்பின் மேல் அகலம், கீழ் அகலம், இரண்டு மூலைவிட்டங்கள், இரு சட்டங்களின் மேல்மூலையிலிருந்தும் பின்சுவரின் நடுப்புள்ளி வரையுள்ள தூரம். மேல் அகலமும் கீழ் அகலமும் சமமாக இருந்து, மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால் திறப்பு சதுரமாக, அதாவது மூலைகள் செங்கோணமாக, நிற்கிறது. பின்சுவர் வரையுள்ள இரண்டு தூரங்களும் சமமாக இல்லையென்றால் ஒரு சட்டம் முன்னோ பின்னோ போயிருக்கிறது. ரசமட்டத்தை நம்பாதீர்கள்; மிதக்கும் படகில் அது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். இரு மேல்மூலைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி, அதன்மேல் கண்ணை வைத்துப் பார்ப்பது நல்ல வழி.

இரண்டு அளவுகளும் வெகுவாக வேறுபட்டால், டிரெய்லரின் தாங்குகட்டைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா, பின்சுவரின் அடிவரை நீளுகின்றனவா என்பதையும் பாருங்கள். கட்டை குட்டையாக இருந்து பின்பகுதி அந்தரத்தில் தொங்கினால், நீங்கள் எத்தனை முறை சரிசெய்தாலும் படகு டிரெய்லரிலேயே நிற்கும் அடுத்த குளிர்காலம் அதைக் கெடுத்துவிடும்.

காலையில், நிழலில் அளப்பது நல்லது. அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு, வெப்பம் 30 பாகை செல்சியஸ் ஏறும்போது ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும், மதிய வெயிலில் இறுக்கமாகத் தோன்றும் கதவு மாலையில் தளர்ந்து தோன்றுவது இதனால்தான்.

4. கருவிகளும் செலவும் காலமும்

அளவு சரியான நட்சத்திரத் திருப்புளிகள், நெகிழி நெம்புகோல், முடி உலர்த்தி, இறுக்கும் பட்டை ஒன்று, காகித ஒட்டுநாடா, நைலான் இடைத்தகடுகள், துருப்பிடிக்காத எஃகு வாஷர்கள், எப்பாக்ஸி (கலந்ததும் இறுகிக் கெட்டியாகும் பிசின்), பியூட்டைல் நாடா (நீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் நாடா), கையுறை, கண்காப்பு ஆகியவை முதலில் வேண்டும். இரண்டாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை திருகுகள், இடைத்தகடுகள், நாடா ஆகியவை மிகக் குறைவு. தாங்குகாலும் தாழ்ப்பாளும் கீலும் அதற்கு மேல். கண்ணாடியும் சட்டமும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வளைந்த கண்ணாடியைச் சொல்லித்தான் செய்ய வேண்டியிருக்கும், வர வாரக்கணக்கில் ஆகும், உடையாமல் அனுப்பும் கூலியும் சேரும். இந்த வேலையில் மிச்சம் பிடிப்பது என்றால் கண்ணாடியை உடைக்காமல் இருப்பதுதான்.

இறுக்கிச் சரிசெய்வது மட்டுமென்றால் அரை நாள். துளைகளை அடைக்க வேண்டியிருந்தால் எப்பாக்ஸி இறுகும் காலத்தையும் சேர்த்து இரண்டு நாள். பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் தொடங்காதீர்கள். அப்போதுதான் எல்லாரும் பாகம் கேட்டு வரிசையில் நிற்பார்கள்.

பணிமனையிடம் கொடுப்பதானால், கூலி, பாகம், அனுப்பும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்குங்கள். கழற்றும்போது கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்பதும், தண்ணீரில் இறக்கிச் சோதித்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். என் தாளில் இரண்டும் இல்லை.

5. தாங்குகால்களைச் சோதியுங்கள்

கோணலுக்கான காரணத்தை இங்கே தேடத் தொடங்குங்கள், ஏனெனில் வேலை சுலபம், விடையும் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். ஓடும் படகில் காற்று சட்டத்தைப் பின்னோக்கித் தள்ளுவதைத் தாங்குவது இந்தக் கம்பிதான். அணியத்துக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு போவதையும் அதுவே தாங்குகிறது. கூரைத்துணியை விரித்தபடியே நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்லப்பட்ட படகானால் கேட்கவே வேண்டாம்.

ஒருவர் சட்டத்தின் மேல்மூலையை லேசாக முன்னும் பின்னும் அசைக்க, மற்றவர் தாங்குகாலின் அடிப்பாதத்தில் விரலை வையுங்கள். பாதம் அசைவது விரலுக்குத் தெரியும். திருகை இறுக்கினால் அது பிடிக்காமல் சும்மா சுழன்றுகொண்டே இருந்தால் துளையின் மறை, அதாவது திருகைப் பிடிக்கும் புரி, அழிந்துவிட்டது. 7ஆம் படிக்குப் போய்த் துளையைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். பெரிய திருகாகப் போட்டு முடுக்கிவிடலாம் என்று தோன்றும். அது ஒரு பருவம் பிடிக்கும், பிறகு துளை இன்னும் பெரிதாகிவிடும். பாதத்தின் அடிப்பக்கம் கைக்கு எட்டுமானால் திருகுக்குப் பதிலாக ஊடுருவும் போல்ட்டும், பின்பக்கம் ஒரு தகடும் வைத்து நட்டு போடுவதே நிலையான தீர்வு.

6. திறப்பைச் சதுரத்துக்குக் கொண்டுவாருங்கள்

இனிமேல் கண்ணாடியோடு பழகும் வேலை. படகில் இருப்பது பெரும்பாலும் கடினமாக்கிய கண்ணாடி. அதன் நடுப்பகுதி கையடியைத் தாங்கும். விளிம்போ ஓர் உலோக முனை பட்டாலே போதும், முழுக்கண்ணாடியும் ஒரே நொடியில் பொடிக்கற்களாகச் சிதறும். அதை அறுக்கவோ துளையிடவோ முடியாது. எனவே திருப்புளியின் முனை கண்ணாடி விளிம்பை நோக்கி ஒருபோதும் சறுக்காதபடி நின்று வேலை செய்யுங்கள்.

அடிச்சட்டத்தின் திருகுகளை ஒரு வினைல் பட்டை மறைத்திருக்கும். முடி உலர்த்தியால் இளஞ்சூடாக்கினால் அது இளகி, நெகிழி நெம்புகோலுக்கு வழிவிடும். அதன்பின் கதவை ஒட்டியுள்ள 3 அல்லது 4 திருகுகளையும், முன்சட்டமும் பக்கச்சட்டமும் சேரும் மூலைத் திருகுகளையும், தாங்குகாலின் இரு முனைகளையும் தளர்த்துங்கள், கழற்றாதீர்கள். கழற்றியே ஆக வேண்டிய திருகுகளுக்கு ஒட்டுநாடாவில் எண் எழுதி ஒட்டி வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல் இராது. நீளமான ஒன்றைக் குட்டையான ஒன்றின் இடத்தில் முடுக்கினால் அது மேடையின் மறுபுறம் தலைகாட்டும். நான் அதைப் பார்த்திருக்கிறேன், என் படகிலேயே.

துருப்பிடிக்காத எஃகுத் திருகு அலுமினியத்தில் இறுகிப்போய், சுற்றிலும் வெண்பொடி பூத்திருந்தால் அது இரு உலோகங்களும் உப்புநீரும் சேர்ந்து செய்த அரிப்பு. ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஈயப் பற்றவைப்புக் கோலின் (சால்டரிங் அயர்ன்) முனையைத் திருகின் தலையில் மட்டும் சிறிது நேரம் வைத்துச் சூடாக்கலாம். தீச்சுடரும் சுத்தியலும் கண்ணாடி இருக்கும் சட்டத்தின் அருகே வரவே கூடாது.

தளர்த்திய பிறகு கையால் அழுத்திச் சட்டத்தை நகர்த்திப் பாருங்கள். வெளிப்புறமாகச் சாய்ந்ததானால் இரு சட்டங்களின் மேல்பகுதியையும் இறுக்கும் பட்டையால் இணைத்து, துணி மெத்தை வைத்து, ஒரு மி.மீ. நகர்ந்ததும் நிறுத்தி அளந்து, மறுபடியும் இழுங்கள். பட்டை உலோகச் சட்டத்தை மட்டுமே தொட வேண்டும். பலத்தைப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ ஒரு திருகை நீங்கள் இன்னும் தளர்த்தவில்லை. எனக்கு அந்த ஒரு திருகு ஓட்டுநர் மேடையின் சிறுபெட்டிக்குள், மேல்நோக்கிப் போட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும்வரை பட்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடிச்சட்டத்தின் கீழே இடைத்தகடுகளைச் சொருகி உயர்த்துங்கள். தளம் இறங்கியதற்குக் காரணம் மேடைக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பு விட்டுப்போனதாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதன்மேல் தகடு வைப்பது வீண்.

இந்த இறுதி அமைப்பைப் படகு தண்ணீரில், அமைதியான துறையில் கட்டியிருக்கும்போது செய்யுங்கள். துளையிடுவதும் அடைப்பதும் கரையில், இறுதி அளவு தண்ணீரில் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. கீழே ஒரு தட்டை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்குள் போன திருகு திரும்பாது.

7. மறை அழிந்த துளைகளை அடையுங்கள்

துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, வெளிவரும் தூளைப் பாருங்கள். வெளிறி உலர்ந்த தூளானால் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் தளத்தின் உள்ளே இருக்கும் மரம் ஊறிவிட்டது. விண்ட்ஷீல்டை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வேலையைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

உலர்ந்த துளையில் முதலில் தடிப்பில்லாத எப்பாக்ஸியைத் தடவி மரத்தை ஊறவிட்டு, பிறகு தடிப்பாக்கிய எப்பாக்ஸியால் நிரப்புங்கள். 20 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் விட்டு, அதன்பின் வழித்துளை, அதாவது திருகுக்கு வழிகாட்டும் சிறுதுளை, இடுங்கள். மேற்பூச்சில் விரிசல் விழாமலிருக்க, துளைக்கருவியை முதலில் பின்னோக்கிச் சுழற்றித் தொடங்கி, துளையின் வாயையும் சற்று அகலமாகச் சரித்துவிடுங்கள்.

8. கீலைப் பாருங்கள்

திறப்பு சதுரமான பின்பும் கதவு தொங்கினால் மட்டுமே இந்தப் படி. கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாள் முனையை உள்ளங்கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் திருகு தளர்ந்ததா, ரிவிட் அறுந்ததா, கீலூசி தேய்ந்ததா என்று பிரித்தறியுங்கள். ஊசியோ நைலான் வளையமோ தேய்ந்திருந்தால் இறுக்குவதால் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பாகம் கேட்கும்போது இடம், வலம் என்பது அணியத்தை நோக்கி நின்று பார்க்கும் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

கதவைக் கழற்றும்போது இருவர் பிடியுங்கள். 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ எடையுள்ளது. அரை மீட்டருக்கு அரை மீட்டர் கதவென்றால் கண்ணாடி மட்டுமே ஏறக்குறைய 4 கிலோ. எடை பெரிதன்று, ஆனால் கடைசித் திருகு கழன்றதும் அது விளிம்பில்தான் விழும்.

கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் பலகை இருந்தால் திருகைப் பூட்டும் திரவத்தையும், அசிட்டோனையும், அம்மோனியா கலந்த துடைப்பானையும் அதன் அருகே கொண்டுவராதீர்கள். அவற்றால் அக்ரிலிக்கில் நுண்விரிசல் ஓடும்.

9. கடைசியாகத் தாழ்ப்பாள்

இப்போது தாழ்ப்பாளைத் தொடலாம். கொண்டியின் திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருக்கும்; தளர்த்தி நகர்த்தி, தாழ்ப்பாள் ஒரு விரல் அழுத்தத்தில் விழும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவே வைத்துத் தாழிட்டு, மெல்ல இழுங்கள். சற்றுத் தயங்கி வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே பட்டை தொடவில்லை. கிழிந்தால் அங்கே அழுத்தம் அதிகம். சுற்றிலும் ஓர் அடிக்கு ஒரு முறை இதைச் செய்து, பென்சிலால் சட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உலோகமோ கண்ணாடியோ எங்கும் நேரடியாக ஒன்றையொன்று தொடக்கூடாது.

பழைய பட்டை கல்லைப்போல் இறுகியிருந்தால் புதியதைப் போட்ட பிறகுதான் இந்தச் சோதனைக்குப் பொருளுண்டு. நான் அராவிய கொண்டியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதுதான் வாங்க வேண்டியதாயிற்று.

10. நீர்க்காப்பும் ஓட்டிப் பார்ப்பதும்

அளவுகள் நிலைத்தபின், திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அரிப்புத் தடுப்புப் பசை தடவி, தளத்தைத் தொடும் இடத்தில் பியூட்டைல் நாடா சுற்றிப் போடுங்கள். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையைப் பயன்படுத்தாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது சட்டத்தோடு தளத்தின் மேற்பூச்சும் உரிந்து வரும். வினைல் பட்டையைச் சோப்பு நீர் தடவிச் செருகி, முனையில் சற்று நீளமாகவே விட்டு வெட்டுங்கள், அது சுருங்கும்.

முதல் ஓட்டத்தில் மெதுவாகத் தொடங்கி, சிற்றலைகளில் ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை எனக் கதவின் ஓசையைக் கேளுங்கள். கரைக்கு வந்ததும் அதே மூலைவிட்டங்களை மறுபடியும் அளந்து பழைய எண்களின் பக்கத்திலேயே எழுதுங்கள். பியூட்டைல் நாடா அழுத்தத்தில் மெல்லப் பிதுங்கும் இயல்புடையது. எனவே மூன்று நான்கு நாள் கழித்து எல்லாத் திருகுகளையும் கால் சுற்று இறுக்கி, பிதுங்கியதை நெகிழிக் கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, காகிதத் துண்டை இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்.